உன் கன்னத்தில் இருந்த பழைய முறிவு

இன்று ஸ்கேன் அறையில் புதிய ஜெல் போத்தலைத் திறந்தேன். விரலில் பட்ட குளிர் உன்னைக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்துவிட்டது.

அன்று வீங்கிய இடது கன்னத்தோடு வவுணதீவிலிருந்து வந்திருந்தாய். மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே மாடு பாய்ந்ததாம். உன் கணவர்தான் சொன்னார், நீ தலையாட்டினாய். வயிற்றில் மூன்று மாதம் என்பதால் எக்ஸ்ரே வேண்டாம், ஸ்கேனில் பார்ப்போம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர்.

"என்னகா, பிள்ளை கீழ கிடக்கு, நீ மேல தேடுறாய்?"

கேட்டுவிட்டு நீ சிரித்ததும் உனக்கு வலித்தது. "வாயை மூடிக்கொண்டு கிட" என்றேன். பதினொரு வருடம் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம்.

எலும்பு திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். உன் கன்னத்தில் அந்தக் கோடு உடைந்து உள்ளே அமிழ்ந்திருந்தது. அது புதியது. கண்ணுக்குக் கீழே இன்னொரு மேடு இருந்தது. எப்போதோ முறிந்து, யாரும் பார்க்காமல், தானாகவே கோணலாகப் பொருந்திய எலும்பு.

"இது எப்ப உடைஞ்சது?"

"சின்னனில விழுந்தனான்."

"எனக்குத் தெரியாமலா?"

கதவுச் சீலைக்குக் கீழே உன் கணவரின் செருப்புத் தெரிந்தது. நீ என் கையை அழுத்தினாய். "விடு புள்ள."

விட்டேன்.

மறுநாள் தியேட்டரில் உன் காதுக்கு மேலே சிறிதாகக் கீறி, உள்ளே கருவியை விட்டு, நிபுணர் எலும்பை நெம்பினார். நான் கன்னத்தில் ஸ்கேன் கருவியைப் பிடித்திருந்தேன். கோடு மெல்ல எழும்பி நேரானது. "இனி ஒரு குறையும் தெரியாது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. விபத்து என்று குறிப்பில் எழுதியதும் நான்தான்.

ஐந்து வாரம் கழித்து உன்னை மறுபடி கொண்டுவந்தார்கள், உயிரில்லாமல். படியில் விழுந்ததாக உன் கணவர் சொன்னார். உங்கள் வீட்டில் ஒரு படிகூட இல்லை.

மரண விசாரணையில், ஸ்கேனில் கண்ட எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது முகம் உடைந்து எந்தப் பெண் வந்தாலும், கூட வந்தவரை மருந்தெடுக்கத் தூரமாக அனுப்பிவிட்டுத்தான் ஸ்கேனைத் தொடுகிறேன். கேட்கிறேன். அடித்தார்களா என்று. இல்லை என்று சொன்னால், மறுபடியும் கேட்கிறேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது உன் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "அப்பவே உனக்குத் தெரியுமா மகள்?"

"ஓம் அம்மா."

அவர் ஏசவில்லை. வெயிலில் நிற்கிறேன் என்று என்னை நிழலுக்கு இழுத்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால் இன்றும் உன் அம்மா வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருப்பேன்.