வெங்கடேசன் சாரின் கையெழுத்து

கும்மிடிப்பூண்டி
10.06.2024

அன்புள்ள ஜபீனுக்கு,

செல்வி எழுதிக்கிறது. நீ, அஃப்தாப் அண்ணன், குட்டி ஜுவைரியா எல்லாரும் சுகம்தானே? இங்க அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்குது. எனக்கு ஒண்ணும் இல்ல.

இந்தக் காலத்துல லெட்டரான்னு சிரிப்பே. சிரிச்சிக்கோ. சாயங்காலம் கம்பெனி விட்டு வந்தப்பறம் ஃபோனைத் தொடவே முடியலடி. தொட்டா உடனே 'செல்வி, ஆன்லைன்ல கீற, நான் குரூப்ல கேட்டதுக்குப் பதில் காணோம்'னு வெங்கடேசன் சார் போட்டுடறாரு. அதனால ஊட்டுக்கு வந்ததும் ஆஃப் பண்ணி பீரோவுல துணிக்கு அடியில வச்சிடறேன். உன் மெசேஜை மூணு நாள் கழிச்சிதான் பாத்தேன். யேசுதாஸ் அண்ணன் இப்பவும் நம்ம கம்பெனி பஸ்ஸை பழவேற்காடு ரூட்லதான் ஓட்டறாரு. அவர் கையில குடுத்தா உன் வாசல்லயே குடுத்துடுவேன்னாரு.

எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கேட்டு இருந்தே. ஹெச்ஆர்ல லெட்டர்ஹெட் மட்டும்தான் தராங்க. எழுதி கையெழுத்து போட வேண்டியது டிபார்ட்மென்ட் மேனேஜர். அதாவது வெங்கடேசன் சார். கேக்கறேன்.

நீ வேலையை விடறதுக்கு முன்ன ஆறு மாசம் அவரைப் பாத்து இருக்கே. அப்போ கொஞ்சமாச்சும் எழுந்து லேப்ல ஓவன் பக்கம் வருவாரு. இப்போ அதுவும் இல்ல. காலையில ஏசி ரூம்ல உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திருக்கறாரு. கேமரா எல்லாம் அவர் செல்லுல தெரியுது. சேர்ல சாஞ்சிக்கினே பாத்துட்டு, இன்டர்காம்ல 'இடது பக்கம் ரெண்டாவது ட்ரே கோணலா கீது பாரு'ன்னு சொல்றாரு. ஓவன் சூடு எவ்ளோன்னு மணிக்கு ஒருக்கா போட்டோ எடுத்து அனுப்பணும். அனுப்பினா ஒரு கேள்விக்குறி மட்டும் வரும். இன்னா கேள்வின்னு யாருக்கும் தெரியாது. திரும்பவும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பறோம்.

டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்துகூட அவர் போடறது இல்ல. ரெண்டு வருஷமா நான்தான் போடறேன். ஒரு நாளைக்கு நாப்பது ஸ்லிப்பு இருக்கும், அவருக்குக் கை வலிக்குதாம். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, வெள்ளைப் பேப்பர் குடுத்து, அவர் கையெழுத்தைப் போட்டுப் பழகச் சொன்னாரு. வால் பத்தல, புள்ளியைத் தள்ளி வை, அவ்ளோ அழுத்தாதன்னு நாலு பக்கம் எழுத வச்சாரு. இப்பவும் வாரத்துக்கு ஒருக்கா ஒரு ஸ்லிப்பை போட்டோ எடுக்கச் சொல்லி வால் சரியா வந்து இருக்குதான்னு பாக்கறாரு. தன் கையெழுத்தைப் போடச் சோம்பல் படற மனுஷனுக்கு நான் போடறதைத் திருத்த மட்டும் சோம்பலே இல்ல.

முன்னல்லாம் பாத்ரூம்ல போய் அழுவேன். இப்போ அழுகையும் வரல, கோவமும் வரல. சொன்னதைச் செய்றேன். ஆகஸ்ட் கடைசியில பர்மனென்ட் லிஸ்ட் வருதாம். அதுல என் பேரைச் சேக்கறது அவர் கையிலதான் இருக்குது. அதுவரைக்கும் இப்படியே ஓட்டிடலாம்னு இருக்கேன்.

உன் மாமியாரைக் கேட்டேன்னு சொல்லு.

உன்
செல்வி


பழவேற்காடு
13.06.2024

அடியே செல்வி,

யேசுதாஸ் அண்ணன் அடிச்ச ஹாரன்ல எங்க மாமி கறி கழுவறதைப் போட்டுட்டு ஓடி வந்துட்டாங்க, யாருக்கோ இன்னாவோ ஆயிடுச்சின்னு. பாத்தா உன் லெட்டர். நல்லா இருப்படி நீ! கல்யாணப் பத்திரிகை தவிர எனக்குன்னு பேர் போட்டு ஒரு கவர் வந்து எத்தினி வருஷம் ஆச்சி.

உன் சாரைப் படிச்சி விழுந்து விழுந்து சிரிச்சேன். அஃப்தாப்புக்கும் படிச்சிக் காட்டினேன். 'கையெழுத்துக்கு டியூஷன் எடுத்தாரா'ன்னு கேட்டு அவரும் சிரிச்சாரு. ஆனா ஒரு இடத்துல எனக்கு சிரிப்பு நின்னுபோச்சி. அழுகை வரலன்னு எழுதி இருக்கியே, அங்க. கேன்டீன் சாம்பார்ல உப்பு இல்லன்னு அழுதவடி நீ. உனக்கா அழுகை வரல?

என் கதைக்கு வரேன். வள்ளூர் தாண்டி ஒரு கம்பெனியில லேப் வேலை. இன்டர்வியூ ஆயிடுச்சி, என்னைப் புடிச்சிப்போச்சி அவங்களுக்கு. ஜூலை 22 அன்னிக்கு ஜாயின் பண்ணணும். அந்த லெட்டர் இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாம். இந்த ஊட்ல வேலைக்குப் போறேன்னு சொல்லி சம்மதம் வாங்கறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் புடிச்சிதுடி. மாமி கண்டிஷனா சொல்லிட்டாங்க: இந்த ஒரு தபாதான், இது சரியா வரலன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். அப்பறம் காலம் பூரா புருஷன் கடைக்கு இறால் உரிச்சிக்கினு உக்காந்துக்க வேண்டியதுதான். இறாலைப் பாத்தாலே பேஜாரா கீது எனக்கு.

அந்தச் சோம்பேறி மனுஷன் இழுத்தடிச்சா நீயே ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்பிடேன், வால்தான் உனக்கு நல்லா வருதே! ஐயோ, சும்மா சொன்னேன், போட்டுடாத. எனக்கு ஒரிஜினல்தான் வேணும். யாரு எந்தக் கேள்வி கேட்டாலும் தில்லா நீட்டணும்.

அப்பறம் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கினு கிளம்பி வா. ஒரு நாள் பூரா உன்னை யாரும் ஒண்ணும் கேக்காம பாத்துக்கறேன்.

உன்
ஜபீன்


கும்மிடிப்பூண்டி
12.07.2024

அன்புள்ள ஜபீனுக்கு,

இதோட உன் லெட்டரை வச்சி இருக்கேன். மடிக்காம அட்டை வச்சி அனுப்பறேன். ஒரிஜினல்தான்.

லேட் ஆயிடுச்சின்னு திட்டாத. ஒரு மாசமா அதே வேலையாத்தான் இருந்தேன். மொத தபா சார் கிட்ட நீட்டினப்போ தேதிக்கும் பேருக்கும் நடுவுல எடம் ஜாஸ்தின்னாரு. குறைச்சேன். அப்பறம் கல்யாணம் ஆனவளுக்கு ஏன் 'மிஸ்'னு போட்டு இருக்கேன்னாரு. மாத்தினா, இங்க இருந்தப்போ ஆகலயே, பழையபடியே போடுன்னாரு. கடின உழைப்பாளின்னு ஒரு வரி எழுதி இருந்தேன். அதை அடிச்சிட்டு, நாலு நாள் கழிச்சி, லெட்டர் மொட்டையா கீது, அந்த வரியைச் சேருன்னாரு. நடுவுல ஒரு வாரம் அவர் ஊர்ல இல்ல. வந்தப்பறம், லெட்டரைப் பாத்தீங்களா சார்னா, 'எந்த லெட்டர்?'

எனக்குக் கோவம் வரலடி. திரும்பத் திரும்ப பிரின்ட் எடுத்தேன், அவ்ளோதான். ஹெச்ஆர்ல லெட்டர்ஹெட் குடுக்கற அஞ்சம்மாள் அக்காதான் 'இன்னாமா, புஸ்தகம் போடறியா'ன்னு கேட்டாங்க.

நேத்து சாப்பாட்டுக்கு அப்பறம் நல்ல மூடுல இருந்தாரு. எடுத்துக்கினு போய் முன்னாடி வச்சேன். 'நீயே போட்டுடேன்'னாரு. இல்ல சார், இது வெளிய போறது, நீங்களே போடுங்கன்னேன். அவரை நான் மறுத்துப் பேசினது இந்த வருஷத்துல அது ஒண்ணுதான். அப்பறம் பேனாவை வாங்கிப் போட்டாரு. ரெண்டு வருஷமா பழக்கம் இல்லாததால கொஞ்சம் கோணிக்கினு போச்சி, வாலும் காணோம். நான் போடறதுதான் அவரோடது மாரி இருக்குது, போ. ஆனா அவர் கையாலயே போட்டாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

ஞாயித்துக்கிழமை வரணும்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கிழமையும் ஸ்டாக் போட்டோ அனுப்பணும்னு புதுசா ஆரம்பிச்சி இருக்காரு. நீ நல்லபடியா ஜாயின் பண்ணு. ஜுவைரியாவை யாரு பாத்துக்கறாங்க? எழுது.

உன்
செல்வி


பழவேற்காடு
30.07.2024

செல்வி,

சுகம் விசாரிக்க மனசு இல்ல. நேரா கேக்கறேன். அந்தக் கையெழுத்தை நீ போட்டியா?

22ஆம் தேதி ஜாயின் பண்ணேன். மூணு நாள் வேலை பாத்தேன். கோட்டு குடுத்தாங்க, பேர் எழுதின அட்டை குடுத்தாங்க. நாலாவது நாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. நம்ம கம்பெனி ஹெச்ஆருக்கு லெட்டரை அனுப்பி, சரிதானான்னு கேட்டு இருக்காங்க. அங்க ஜூன் மாச ரிப்போர்ட்ல இருக்கற கையெழுத்தைப் பக்கத்துல வச்சிப் பாத்தாங்களாம். ரெண்டும் ஒத்துப்போகலயாம். 'உங்க மேனேஜரே என்னுது இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு மேடம்'னு சொல்றாங்க. கோட்டைக் கழட்டி வாங்கிக்கினாங்க. கேட்ல செக்யூரிட்டி என் பையைத் தொறந்து பாத்து அனுப்பினான். அந்த மூணு நாள்ல தெனம் எனக்கு வணக்கம் சொன்ன ஆளு.

கள்ள சர்டிபிகேட் குடுத்தவன்னு ஆயிடுச்சி என் பேரு. மாமி கத்தி இருந்தாகூடப் பரவாயில்ல, 'சரி, போய் சோறு வடி'ன்னாங்க. நான் கள்ளக் கையெழுத்து போட்டு இருப்பேனோன்னு அஃப்தாப் கண்ணுல ஒரு சந்தேகம் இருக்குது. அதைத்தான் என்னால தாங்க முடியல.

நீதான் போட்டு இருந்தா சொல்லிடு, திட்டிட்டு விட்டுடறேன். எனக்காகத்தானே பண்ணே. போடலன்னா ஹெச்ஆர்ல போய் அதைச் சொல்லு. ஆகஸ்ட் 16 வரைக்கும் எடத்தைப் புடிச்சி வச்சி இருக்காங்க. நம்ம கம்பெனியில இருந்து லெட்டர் சரிதான்னு ஒரு வரி எழுத்துல வந்தா போதும்.

ஜபீன்


கும்மிடிப்பூண்டி
02.08.2024

ஜபீ,

நான் போடல. அந்தக் கையெழுத்து அவரோடதுதான். எங்கம்மா மேல சத்தியம். ஹெச்ஆர்ல பக்கத்துல வச்சிப் பாத்தாங்களே, ஜூன் மாச ரிப்போர்ட், அதுல இருக்கறது நான் போட்டது. இந்தக் கம்பெனியில ரெண்டு வருஷமா இருக்கற எல்லாமே நான் போட்டதுதான். உன்னோடது ஒண்ணுதான் அவர் போட்டது. அது எதோடயும் ஒத்துப்போகாது.

இது எனக்கு அன்னிக்கே தோணி இருக்கணும். தோணல.

இன்னும் ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டா உனக்குத் தெரியப்போறது இல்ல. ஆனாலும் சொல்றேன்.

24ஆம் தேதி ஹெச்ஆர்ல இருந்து அவருக்கு மெயில் வந்திச்சி. அவர் மெயிலை நான்தான் பாக்கறேன், பதிலும் நான்தான் போடறேன், அது உனக்குத் தெரியாது. ரெண்டு கையெழுத்தும் பக்கத்துப் பக்கத்துல இருந்திச்சி. கொண்டுபோய்க் காட்டினேன். சேர்ல சாஞ்சிக்கினே பாத்தாரு. 'லெட்டர்ல இருக்கறது என்னுதுன்னா, அப்போ ரிப்போர்ட்ல இருக்கறது யாருதுன்னு கேப்பான். அந்த வம்பு எதுக்கு? லெட்டர்ல இருக்கறது என்னுது இல்லன்னு போட்டுடு'ன்னாரு.

அடிச்சேன். வாசிச்சிக் காட்டினேன். 'பணிவுடன்'னு ஒரு வார்த்தை சேக்கச் சொன்னாரு, சேத்தேன். தேதிக்கு அப்பறம் ஒரு கமா வேணும்னாரு. வச்சேன். எழுத்து சின்னதா கீதுன்னாரு. பெருசாக்கினேன். அப்பறம் அனுப்புன்னாரு, அனுப்பிட்டேன். அனுப்பிட்டு ஓவன் போட்டோ எடுக்கப் போய்ட்டேன்.

புரியாம அனுப்பிட்டேன்னு எழுதலாம்னு ரெண்டு நாளா பாத்தேன். பொய் அது. உன் பேரு அதுல இருந்திச்சி, படிச்சேன். உன் வேலை போயிடும்னும் தெரிஞ்சிது. கை அது பாட்டுக்கு அடிச்சிக்கினே இருந்திச்சி. எனக்கு உள்ள ஒண்ணும் ஆகல. அதான் எனக்கு இப்போ பயமா இருக்குது. அதுகூட எழுதும்போதுதான் பயமா இருக்குது, எழுந்து தண்ணி குடிச்சா போயிடுது.

உண்மையைச் சொன்னா, ரெண்டு வருஷமா அடுத்தவர் கையெழுத்தைப் போட்டேன்னு என்னை மொதல்ல வெளிய அனுப்புவாங்க. அவர் சொல்லித்தான் போட்டேன்னா யாரு நம்பறது? அந்த நாலு பக்கப் பேப்பரை அவர் அன்னிக்கே கிழிச்சிப் போட்டுட்டாரு. ஸ்லிப் போட்டோவைப் பாத்தும் வாயாலதான் திருத்துவாரு, எழுத்துல ஒண்ணும் இல்ல. இந்த மாசம் லிஸ்ட். அம்மா மொகத்தைப் பாக்கறேன்.

நான் இன்னா செய்யட்டும், நீ சொல்லு. போய் சொல்லுன்னா நாளைக்கே ஹெச்ஆர்ல போய் எல்லாம் சொல்லிடறேன். வேணாம், விடுன்னா விட்டுடறேன். நீ எப்படிச் சொல்றியோ அப்படி.

செல்வி


பழவேற்காடு
09.08.2024

செல்விக்கு,

உன் லெட்டர் வந்து நாலு நாள் ஆச்சி. எடுத்து எடுத்துப் படிக்கிறேன். அஃப்தாப் கிட்டயும் குடுத்தேன். படிச்சிட்டு, 'நான் உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிடு'ன்னாரு. அந்த ஒண்ணை நீ எனக்குக் குடுத்துட்டே. அதுக்கு உனக்கு நன்றி சொல்லிக்கறேன்.

மெயில் நீ அடிச்சது தெரிஞ்சி உன் மேல கோவம் வந்திச்சி. அந்தாளு மேலயும் வந்திச்சி. வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதி ஒரு பக்கம் ரொப்பிட்டேன். மாமி பாத்துட்டு, 'அவளுக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கறான் திட்ட, நீ எதுக்கு'ன்னாங்க. கிழிச்சிப் போட்டுட்டேன்.

ஆனா செல்வி, நீ அடிச்சதுகூட எனக்கு அவ்ளோ வலிக்கல. கடைசியில ஒண்ணு எழுதி இருக்கே பாரு, நீ எப்படிச் சொல்றியோ அப்படின்னு. அதுதான் வலிக்குது. பாத்ரூம் போகறதுக்கு அந்தாளைக் கேக்கறே, கமா வைக்க அந்தாளைக் கேக்கறே. இப்போ உண்மை பேசறதுக்கு என்னைக் கேக்கறியா? நான் போய் சொல்லுன்னா நீ போவே, எனக்குத் தெரியும். நேரா போய் நின்னு ஒப்பிச்சிட்டு வந்து, சொல்லிட்டேன் ஜபீன், இனிமே இன்னா செய்யட்டும்னு மறுபடியும் எழுதுவே. உனக்கு இன்னொரு வெங்கடேசனா இருக்க என்னால ஆகாதுடி.

அதனால நான் போன்னும் சொல்ல மாட்டேன், போகாதன்னும் சொல்ல மாட்டேன். உனக்கு வேலை போயிடும்ன்ற பயம் எனக்குப் புரியுது. எனக்குப் போயிடுச்சி இல்ல? நீ போகலன்னா நான் யார்கிட்டயும் உன்னைப் பத்தித் தப்பா பேச மாட்டேன். அதுல சந்தேகம் வேணாம்.

இனிமே யேசுதாஸ் அண்ணன் கிட்ட லெட்டர் குடுக்காத. குடுத்தா வாங்க வேணாம்னு இருக்கேன். 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை. போறதோ, போகாம இருக்கறதோ, நீயா ஒண்ணு முடிவு பண்ணு. யாரையும் கேக்காத, அம்மாவைக்கூடக் கேக்காத. பண்ணிட்டு ஊட்டுக்கு வா. எதுவா இருந்தாலும் உக்காரவச்சி சோறு போடறேன்.

முடிவு பண்ணாம மட்டும் வராத.

ஜபீன்