கப்பல் டின்னருக்குக் கல்யாணக் கோட்டு

மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். ஏழு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வத்தல் போட நினைத்ததோடு சரி.

சிங்கப்பூரிலிருந்து ஜெனி போன். மகளாயிற்றே, நாலு வார்த்தை பாசமாகப் பேசுவாள் என்று எடுத்தால் உடுப்புப் பட்டியல். அடுத்த மாதம் எங்களைக் கப்பலில் கூட்டிப்போகிறாள், மூன்று நாள். அவள் மாமனார் மாமியாரும் உண்டு. இரண்டாம் நாள் டின்னர் 'ஃபார்மல் நைட்'. ஆம்பிளைகளுக்குக் கோட்டு. பொம்பளைகளுக்குக் கவுன், இல்லாவிட்டால் "நல்ல சேலை". முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக நான் கட்டிக்கொண்டு போனதெல்லாம் என்ன, சாக்கா?

"அப்பா கைலியோட வந்து நிக்கப் போறாக, சொல்லி வைங்கம்மா." நடுக்கடலில் யார் பார்க்கிறார்கள், மீன்களா?

சம்பந்தியம்மா தன் கவுனைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். கருநீலம், ஜிகினா, கை கிடையாது. வயசு அறுபத்தொன்று. கொசுவலைக்கு ஜரிகை வைத்தது போல. "சூப்பர்" என்று போட்டேன். அதற்கு மேல் பொய் வரவில்லை.

வாங்க: பாச்சா உருண்டை, கறுப்பு சாக்ஸ் (இவருக்கு), உளுந்து.

மே 5, செவ்வாய்

அதே வெயில். இவர் காலையிலிருந்து கோட்டுப் பேச்சு. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் அரைக்கைச் சட்டையோடு குப்பை கொட்டியவர். புதுசு வேண்டாமாம், கல்யாணக் கோட்டு இருக்கிறதாம்.

இருக்கிறது. பச்சைப் பெட்டியில். எதற்காக என்பதுதான் மறந்துவிட்டது போல. எங்கள் பக்கம் கோவிலில் கை பிடித்தபோது போட்டிருந்ததையே கடைசியில் போட்டு அடக்கம் செய்வது. மாமியார் இறந்த அன்று அவர் கல்யாணச் சேலையை எடுத்தால், பூச்சி அரித்துச் சல்லடை. ஊர் முன்னால் பட்ட அவமானம் போதும். அன்றிலிருந்து இவர் கோட்டு, என் சேலை, இரண்டு ஜெபமாலை எல்லாம் ஒரே பெட்டியில். மேலே என் கையெழுத்தில் சீட்டு: 'அடக்கத்துக்கு'.

"அதப் போட்டுக்கிட்டா சாப்பிடப் போவீக?"

"கோட்டு கோட்டுதான் பிலோமி. எதுக்குப் போறோம்னு அதுக்கா தெரியும்?"

ஜெனி கல்யாணத்தின்போது போட்டுப் பார்த்ததில் நாலு விரல் அகலம் பற்றவில்லை. பொத்தான் மாட்டவில்லை என்று அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். இன்றைக்கு மாட்டிவிட்டது. உள்ளே இடமும் இருக்கிறது. கண்ணாடி முன்னால் அரை மணி நேரம், இங்குட்டுத் திரும்பி, அங்குட்டுத் திரும்பி.

"பாத்தியா? எல்லாம் நடை!"

நடையாம். டீக்கடை வரைக்கும். அதோடு தண்ணி வைத்தியம் வேறு, எவனோ யூட்யூபில் சொன்னானாம். ஒரு நாளைக்கு ஒரு குடம். குடிக்கிறது, பாத்ரூமுக்கு ஓடுகிறது, வந்து மறுபடி குடிக்கிறது. பெல்ட்டில் ஆணி வைத்து இரண்டாவது ஓட்டை. அதையும் கூப்பிட்டுக் காட்டுகிறார், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

மே 6, புதன்

மேகம் மட்டும். மழை இல்லை.

கோட்டுப் படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். சம்பந்தியம்மா: "சம்பந்தி இளமையாயிட்டாங்களே." ஜெனி: "என்ன டயட் அப்பா?" இவர் விட்டாரா, நாலு நிமிஷம் குரல் பதிவு. மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு போதாதாம். நேற்று நாலு ஆப்பம் தின்ற மனிதர்.

என் சேலை முடிவாகவில்லை. பெட்டியில் இருப்பதை எடுக்க மாட்டேன். அரக்குப் பட்டு? அந்த ஜிகினா பக்கத்தில் உட்கார அது போதும்.

மே 7, வியாழன்

கோட்டுக்குத் தோள் தொங்குகிறது. பிடித்துத் தைக்கவும், தோதாக ஒரு கறுப்பு பேண்ட்டுக்கும் டெய்லர் சகாயத்திடம் போனோம்.

"யாருக்கு டீச்சர் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல. கப்பல்ல சோறு."

சிரித்துக்கொண்டே டேப்பை இடுப்பில் சுற்றினார். நிறுத்தினார். மறுபடி சுற்றினார். அளவு நோட்டைப் புரட்டினார். இவர் பக்கத்துக் கடைக்குத் தண்ணி குடிக்கப் போன நேரம், நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"கிறிஸ்மஸுக்கு எடுத்தது முப்பத்தெட்டு. இப்ப முப்பத்து மூணு. சாருக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? எங்க அண்ணனுக்கும் இப்படித்தான்..." இவர் வாயைத் துடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து நோட்டை மூடிவிட்டார்.

முப்பத்தெட்டில் முப்பத்து மூன்று போனால் ஐந்து. சின்ன வகுப்புக் கழித்தல். கூடவே இருக்கிற கணக்கு டீச்சருக்குத் தெரியவில்லை. பெல்ட் ஓட்டையைப் பார்த்துச் சிரித்தேன், அதுவும் இரண்டு முறை. ஊரையெல்லாம் நக்கலடிக்கிறவள். என்னைப் போல் ஒரு மடச்சி உண்டா?

பயமாக இருக்கிறது.

மே 8, வெள்ளி

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "நல்லாத்தானே இருக்கேன், கோட்டே சேருது!" என்று அவரிடமும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். "சர்க்கரையா இருக்கலாம். இல்லன்னா கட்டி கிட்டி இருக்கான்னு ஸ்கேன் பாக்கணும்."

திரும்பும் வழியில் கோவில். மாதாவே, சர்க்கரையாக இருக்கட்டும் என்று முட்டி போட்டுக் கேட்டேன். உலகத்தில் வேறு யாராவது இப்படிக் கேட்பார்களா?

ஜெனிக்குச் சொல்லவில்லை. அவள் மெசேஜ்: "அம்மா, டிரெஸ் முடிவாயிருச்சா?" பச்சைப் பெட்டி கட்டில் மேல் திறந்தபடி கிடக்கிறது. சீட்டில் என் கையெழுத்து. போர்வையைப் போட்டு மூடினேன்.

மே 9, சனி

பதினொரு மணிக்கு ரிசல்ட். சர்க்கரை. எக்கச்சக்கமாக. லேப் வாசலிலேயே அழுதுவிட்டேன். அந்தப் பெண் பதறி, "சர்க்கரைதான் டீச்சர், எல்லாருக்கும் இருக்கு, அழுகாதீக." அவளுக்கு என்ன தெரியும்?

இளைத்தது இதனால்தான், இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம் என்றார் டாக்டர். மாத்திரையும் ஊசியும் ஒழுங்காகப் போனால் இறங்கின சதை திரும்பி வருமாம். கப்பலுக்கும் போகலாம். கேக், ஐஸ்கிரீம் பக்கம் தலைவைக்கக் கூடாது. இவர் முகம் அதற்குத்தான் விழுந்தது. ஓசிக் கேக்குப் போய்விட்டதே என்று. மனுஷன்!

வீட்டுக்கு வந்ததும் சகாயம் போன். கத்திரி போடலாமா என்று கேட்டார்.

"கோட்டத் தொடாதீக. பேண்ட்ட கிறிஸ்மஸ் அளவுக்கே வெட்டுங்க."

"லொடலொடன்னு நிக்குமே டீச்சர்."

"பெல்ட் இருக்கு. அதுல ஓட்டைக்கா பஞ்சம்?"