இடுப்பில் இருந்த கட்டை

ஈசுவர வருஷம், ஆவணி 28. மேட்டூர்.

இன்று காளியண்ணனை நன்றாக அலைய விட்டேன். ஏரி மீன் குத்தகைக்காரர் செங்கோட்டையன் வாங்கியிருக்கும் பலகைப் படகுக்கு அடியில் ஓர் ஓட்டை உண்டு. அணை கட்டியபோது துரைமார் ஏறிச் சுற்றிய படகு அது. கரையில் இழுத்துப் போட்டதும் உள்ளே நிற்கும் தண்ணீர் வடியட்டும் என்று அவர்களே போட்ட ஓட்டையாம். மறுபடி தண்ணீரில் தள்ளுவதற்கு முன் துணி சுற்றிய கட்டையை அதில் அடித்து இறுக்க வேண்டும். எங்களுக்கு இது பழக்கமே இல்லை. பிறந்ததிலிருந்து பரிசல் தள்ளியவர்கள் நாங்கள். பரிசலைக் கவிழ்த்தால் தண்ணீர் போச்சு. ஓட்டையையும் போட்டு அதை அடைக்கக் கட்டையும் செய்கிற புத்தி வெள்ளைக்காரனுக்குத்தான் வரும்.

கட்டையை என் தலைத்துண்டுக்குள் செருகிக்கொண்டு, "எங்கேடா மாப்பிள்ளை கட்டை?" என்றேன். காளியண்ணன் என் தங்கை ஆத்தாயியின் புருஷன். கூடையில் தேடினான், வலையில் தேடினான், கடைசியில் தன் வெற்றிலைப் பையையும் உதறினான். கரையே சிரித்தது. செங்கோட்டையன் மட்டும் சிரிக்கவில்லை.

"இனிமே கட்டை காளியண்ணங்கிட்டத்தான் இருக்கோணும். அர்த்தநாரி தொடப்படாது" என்று என் பக்கம் விரலை நீட்டினார்.

அதைக் காளியண்ணன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். மணி கட்டின கிடாய் மாதிரி இருக்கிறாய் என்றேன்.

புரட்டாசி 2

காளியண்ணன் நடந்தால் கட்டை தொடையில் இடிக்கிறது. படுக்கும்போதாவது கழற்றுவீர்களா என்று ஆத்தாயி கேட்டாளாம். அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று என்மேல் பாய்கிறான். ஆமாம், வேறு யார்?

புரட்டாசி 9

உயிரோடு இருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஈரோட்டு வியாபாரி வந்து காத்திருக்கிறான் என்று செங்கோட்டையன் எங்களை விரட்டினார். வலையை வாரிப் படகின் பின்பக்கம் குவித்தோம். ஓட்டை அதற்கு அடியில். தள்ளி ஏறினோம். நடு ஏரியில் கால் நனைந்தது. ஈர வலையிலிருந்து வடிகிறது என்று நினைத்தேன். கணுக்காலுக்கு ஏறிய பிறகுதான் வலையை இழுத்தேன். அதற்குள் படகு சாய்ந்து கவிழ்ந்துவிட்டது. புது வலை மொத்தமும் ஏரிக்கு அடியில்.

கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு இருவரும் கிடந்தோம். காளியண்ணன் ஒரு கையை இடுப்புக்குக் கொண்டுபோனான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! கட்டை அங்கேதான் இருந்தது. மாட்டவே மறந்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயில் தண்ணீர் போகச் சிரித்தேன். "பத்தரமா வெச்சிருக்கறயேடா மாப்பிள்ளை, மீன் தின்னுபோடும்னா?"

அவன் அழுதான். "மச்சான், தெரிஞ்சுதுன்னா என்னைய வேலைய உட்டே நிறுத்திருவாருங்க. இப்பத்தான் கண்ணாத்தாளுக்குச் சம்பந்தம் பேசியிருக்குதுங்க."

கண்ணாத்தாள் அவன் மூத்த மகள். என் மடியில் வளர்ந்தவள்.

"போடா பைத்தியக்காரா. கட்டை உளுத்து உதுந்துபோச்சுன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுவோம். அதை இப்ப எறியாதே, மிதக்கும். துணிக்குள்ள மறை" என்றேன். தலையாட்டினான். வழுக்காமல் இருக்க அவன் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

ஒரு பரிசல் வந்து எங்களை ஏற்றியது. கரையில் கால் வைத்ததும் செங்கோட்டையன், "என்னய்யா ஆச்சு?" என்று கத்தினார். நான் வாய் திறப்பதற்குள் காளியண்ணன் என்னைக் கை காட்டினான்.

"இவருதானுங்க. விளையாட்டுக்குக் கட்டையப் புடுங்கிப்போட்டாருங்க."

அவன் வேறு யாரையோ காட்டுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

புரட்டாசி 10

நேற்றுக் கரையில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாய் அடைத்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அதையே எல்லாரும் குற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று போய், கட்டை அவன் இடுப்பிலேயே இருந்தது என்றேன். அதை நேற்றே ஏன் சொல்லவில்லை என்கிறார்கள். போன மாதம் தலைத்துண்டுக்குள் ஒளித்தவன் நீதானே என்கிறார்கள். நான்தான்.

செங்கோட்டையன் என்னை நிறுத்திவிட்டார். முனியப்பன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யக் காளியண்ணன் தயாராம். செய்ய மாட்டான். எனக்கு அவனைத் தெரியாதா?

புரட்டாசி 13

செஞ்சுட்டான்.

தட்டில் சூடம் எரிந்தபோது என்னைப் பார்த்தான். அவனுக்குத் தைரியம் வரட்டும் என்று நான் சிரித்தேன். உண்மையைச் சொல்லிவிட்டு வாடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற சிரிப்பு அது. அவன் கையால் அடித்து அணைத்தான். "சாமி முன்னாலயே சிரிக்கறான் பாரு கெழவன்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அடப் பாவி. அடப் பாவி. தண்ணிக்குள்ள உன் கையைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தனே.

புரட்டாசி 14

ஆத்தாயி வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவன் ஈரத்துணிய அவுத்து அலசுனது நீதான?" என்று கேட்டேன்.

கிண்டுவதை நிறுத்தவில்லை. "அடுப்புல வெச்சுட்டனுங்கண்ணா."

கட்டையைத்தான் சொல்கிறாள். எரித்துவிட்டாள். கோயிலில் கூட்டத்தோடு நின்றவள், சூடத்தைப் பார்த்தவள், எல்லாம் தெரிந்தவள்.

"ஒரு வார்த்தை சொல்லப்படாதா, ஆத்தாயி?"

"உங்களுக்கு ஒத்த வயிறுங்கண்ணா. எனக்கு ரெண்டு பொண்ணு நிக்குதுங்க."

கணக்கு சரிதான். என் மனைவி போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று, எனக்கென்று யாரும் இல்லை. அவள் எனக்கும் ஓர் உருண்டை களி வைத்தாள். தின்றேனா? தின்றேன். வெட்கம் கெட்ட வயிறு.

ஐப்பசி 5

என் பழைய பெரிய பரிசலுக்குத் தோல் மாற்றி, அக்கரைக்கு ஆள் ஏற்றும் துறைக்கு வந்துவிட்டேன். ஏறுகிறவனெல்லாம் என்னிடம், "அண்ணா, கட்டை மாட்டிட்டீங்களா?" என்கிறான். ஊரையே கேலி பண்ணின வாய். இப்போது என்னைக் கேலி பண்ணக் கட்டணமே இல்லை. ஆண்கள் கேட்டுவிட்டாவது ஏறுகிறார்கள். பிள்ளை வைத்திருக்கும் பெண்கள் அடுத்த பரிசலுக்குக் காத்திருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

கார்த்திகை 20

இன்று யாரும் ஏறவில்லை.

தை 6

ஆத்தாயி வெற்றிலை பாக்கோடு வந்தாள். கண்ணாத்தாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அக்கரை ஊர். காளியண்ணன் வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றான்.

"தாய்மாமன் நீங்க வரலீன்னா என் பொண்ணு மணவறைக்கே போக மாட்டாளுங்கண்ணா."

"நான் வந்து, விளையாட்டுக்குப் பந்தக்காலைப் புடுங்கிப்போட்டா?" என்றேன்.

அவள் அழுதாள். வெளியே அவன் இருமினான். சீர்த்தட்டோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பெண் என்ன செய்தாள், பாவம்.

தை 20

மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவரச் செங்கோட்டையன் படகு தருவதாகச் சொல்லியிருந்தார். விடிந்து பார்த்தால் படகு மீனுக்குப் போயிருக்கிறது. துறையில் நின்றது என் பெரிய பரிசல் ஒன்றுதான். காளியண்ணன் வந்து நின்றான். ஏறு என்று கை காட்டினேன். அக்கரைக்குத் துடுப்புப் போட்டேன்.

அங்கே மேளத்தோடு நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள். "படகுக் கட்டையப் புடுங்குன கெழவன்தான இது? நடு ஏரியில விளையாட்டுக் காட்டுனான்னா எம் பையன் என்ன ஆவறது? நான் ஏற மாட்டனுங்க."

அவள் ஏறாததால் யாரும் ஏறவில்லை. மேளம் நின்றுவிட்டது. காட்டு வழியில் சுற்றிப் போனால் முகூர்த்தம் தப்பிவிடும். காளியண்ணன் சூரியனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் துடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாயால் ஒன்றும் சொல்வதாக இல்லை.

"அவரு புடுங்குலீங்க" என்றான். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னான். "கட்டை எம்பட இடுப்புலதான் இருந்துச்சுங்க. நாந்தான் மாட்ட மறந்துட்டேன். சூடத்தை அணைச்சதும் பொய்யிங்க."

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பொய்ச்சத்தியம் பண்ணுனவன் ஊட்டுலயா பொண்ணெடுக்கறது?"

பேச்சு இப்படித் திரும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நல்லா வேணும்டா என்று நினைத்தேன். கண்ணாத்தாள் ஞாபகம் வந்தது.

"பொய் சொன்னது அப்பன், பொண்ணு இல்லீங்க. அவ என் மடியில வளந்தவ, அவளுக்கு நான் பொறுப்பு. வெயில் ஏறுது, ஏறுங்க" என்றேன்.

கேலி கலக்காமல் நான் பேசியதை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் ஏறினாள்.

தாலி நேரத்துக்கு ஏறியது. தாய்மாமன் செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன். பந்தியில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். பாதியிலேயே இலையை மூடினேன். அவன் எனக்காகச் சொல்லவில்லையே. முகூர்த்தத்துக்காகச் சொன்னான். துறையில் ஆள் ஏறாமல் நான் வெயிலில் நின்ற நாளெல்லாம் அந்த வழியாகத்தானே போய்வந்துகொண்டிருந்தான்?

மாசி 3

செங்கோட்டையன் காளியண்ணனை நிறுத்திவிட்டார். என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பரிசலே போதும் என்றேன்.

இன்று காலையில் காளியண்ணன் துணி மூட்டையோடு துறைக்கு வந்தான். அக்கரையில் கல் உடைக்கும் வேலையாம்.

"வாங்க, உக்காருங்க" என்றேன்.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. ஆத்தாயியைக் கட்டிய நாளிலிருந்து அவனை நான் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. நடு ஏரி வரைக்கும் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"மச்சான், என்னைய ஏதாச்சும் கேலி பண்ணுங்களே."

"ஓரமா நகராதீங்க, பரிசல் சாயும்" என்றேன்.

அக்கரை வந்ததும் இறங்கிக்கொண்டான்.