பேச வரணும், பாட வரக்கூடாது

மார்ச் 3, செவ்வாய்

வருடாந்திர மருத்துவச் சோதனை. கம்பெனி டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். 168/104. பத்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். 166/102.

“தலை சுத்துதா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.”

“பிரஷர் சொல்லிக்கிட்டு வராதும்மா. இது குறையுற வரைக்கும் கிரேன்ல ஏறக் கூடாது.”

பதினோரு வருஷம். தினமும் எழுபது மீட்டர் ஏணி ஏறி, உச்சிக் கூண்டில் உட்கார்ந்து டவர் கிரேன் ஓட்டுகிறேன். இந்த வேலைத்தளத்தில் அதை ஓட்டும் ஒரே பொம்பளை. நாளையிலிருந்து தரையில் நின்று சைகை காட்ட வேண்டுமாம்.

அம்மா ஐம்பத்தொரு வயதில் பக்கவாதத்தில் விழுந்தாள். எனக்கு நாற்பத்தேழு.

மார்ச் 4, புதன்

என் கூண்டில் எனக்குப் பதிலாக நெட்டை, எங்கள் மாற்று ஆபரேட்டர் பையன், உட்கார்ந்திருக்கிறான். கம்பிக்கட்டைத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டுகிறான். அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது.

மார்ச் 8, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

உடற்பயிற்சி செய்தால் பிரஷர் குறையும் என்று டாக்டரம்மா அன்று சொல்லியிருந்தார்; அதிகம் செய்தால் சீக்கிரம் குறையும் என்று நானே கணக்குப் போட்டேன். லீவு நாள், தளத்தில் காவலாளி மட்டும். இரண்டு கையிலும் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து. ஒன்பதாவது மாடியில் கண் இருட்டிவிட்டது. சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். காதுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல.

பயந்துட்டேன். நிஜமாவே பயந்துட்டேன். அங்கேயே விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?

மார்ச் 9, திங்கள்

டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. அதுதான் சுட்டது.

“நீங்க உடற்பயிற்சி பண்ணல, பிரஷர் மேல கோவத்தக் காட்டியிருக்கீங்க. பாரத்தோட மூச்சை அடக்கினா அது இன்னும்தான் எகிறும்.”

மாத்திரை, தினமும் ஒரே நேரத்தில். உப்பு பாதி. நடை, அரை மணி, வாரம் ஐந்து நாள்.

“எவ்வளவு வேகம்?”

“நடக்கும்போது பேச வரணும். பாட வரக்கூடாது.”

இது ஒரு வைத்தியமா என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

பேச வருகிறதா என்று பார்க்கக் கூட ஆள் வேண்டுமே. தையல் கடையைத் திறப்பதற்கு முன் என் வீட்டுக்காரரும் கூட வந்தார். முதல் தெரு முடிவதற்குள், அவர் அண்ணன் எடுத்துப்போய்த் திருப்பித் தராத துளையிடும் மிஷினில் பேச்சு ஆரம்பித்தது. வீடு திரும்பும் வரை சண்டை.

வாசலில் நின்று அவர் சொன்னார்: “அரை மணி நேரம் மூச்சு விடாம என்னைத் திட்டின. வேகம் கச்சிதம்.”

சிரித்துவிட்டேன். வந்த கோபமெல்லாம் வேர்வையோடு போயிற்று.

மார்ச் 30, திங்கள்

148/94.

ஏப்ரல் 9, வியாழன்

மழை. கட்டி முடித்த மூன்றாம் தளத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். பூச்சுக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இரண்டு வாரமாக 147-ஐ விட்டு நகரவில்லை. மனசு விட்டுப்போயிற்று. டாக்டரம்மா இதயத்துடிப்பு வரைபடம் எடுத்துப் பார்த்து, “இப்ப கொஞ்சம் கூட்டலாம்” என்றார். ஒரு நிமிடம் வேக நடை, பேச்சு திக்கும் அளவுக்கு. இரண்டு நிமிடம் மெதுவாக. எட்டு முறை. வாரம் இரண்டு நாள் மட்டும், முதல் வாரம் நர்ஸ் பக்கத்தில் நிற்க.

அன்றைக்கு மூச்சுமுட்ட ஓடியதும் வேகம்தான், இதுவும் வேகம்தான். ஆனால் இதில் கடிவாளம் என் கையில்.

மே 8, வெள்ளி

134/84!

இரண்டு தடவை அளக்கச் சொன்னேன். 133/84. நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே தோன்றவில்லை.

“அப்ப மாத்திரைய நிறுத்திடலாமா டாக்டர்?”

“கூடவே கூடாது. ஆனா ஒண்ணு சொல்றேன். மாத்திரை அளவ நான் கூட்டவே இல்ல. ஏப்ரல்ல இருந்த 147-லேருந்து இறங்கினதெல்லாம் உங்க கால் இறக்கினது.”

வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் கால் இறக்கியது.

மே 19, செவ்வாய்

சூப்பர்வைசரிடம் டாக்டரம்மா கொடுத்த தகுதிச் சீட்டை நீட்டினேன். வாங்காமலே பேசினார்.

“கீழயே இருங்களேன். வயசும் ஆகுது. நெட்டைதான் ஓட்டுறானே.”

மார்ச்சில் இதைச் சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். இன்று குரல் நடுங்கவில்லை.

“என் வயசக் கேக்காதீங்க சார். என் பிரஷரக் கேளுங்க. இந்தச் சீட்டுல இருக்கு. உங்களுது எவ்வளவுன்னு தெரியுமா உங்களுக்கு?”

சீட்டை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் தேடினார். எண்ணை இரண்டு தடவை படித்தார். பிறகு, “ஒண்ணாந்தேதி ஏறுங்க” என்றார்.

நெட்டை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். “அப்பாடா, வாங்கக்கா. மேல காத்து அடிச்சா எனக்கு இறங்கி ஓடிடலாம்னு தோணுது.” பாவம், இரண்டரை மாதமாக அவனும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஜூன் 1, திங்கள்

ஏறினேன். இருநூற்று முப்பது படி. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறிக் காட்டுவதுதான் பெருமை. இன்று ஒவ்வொரு இடைத்தட்டிலும் நின்றேன். நிற்கத் தெரிந்ததுதான் இந்த முறை பெருமை.

கூண்டுக் கதவைத் திறந்தால் நெட்டை இருக்கையைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறான். இழுத்து என் அளவுக்கு வைத்தேன். முதல் பாரம் நாலு டன் கம்பிக்கட்டு. காற்று இருந்தது. இருபதாம் தளத்தில் காத்திருந்த ஆள்கள் கை நீட்டும் இடத்தில், பூப்போல இறக்கினேன். கீழே யாரோ கை தட்டினார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து யாரென்று தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் தூக்கினேன்.

ஜூன் 9, செவ்வாய்

காலை நடை முப்பத்தைந்து நிமிடம். 130/82. பதினேழு பாரம் தூக்கினேன். எழுத வேறொன்றும் இல்லை.