அம்மை ஷெட்டில் கிடக்கும் மகளுக்கு மாத்திரையை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
தளவாய், வயது எழுபது இருக்கும்,
உப்பளக் கூலி, முத்தையாபுரம்.

பெறுநர்:
உயர்திரு சப் கலெக்டர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: கிருபாநிதி தர்ம ஆஸ்பத்திரியில் இருக்கும் என் மகள் சண்முகவடிவுக்கு வந்திருப்பது அம்மை அல்ல, மாத்திரையால் வந்த கேடு என்பது பற்றி.

மரியாதைக்குரிய ஐயா,

1. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, மனு எழுதும் பவுல் எழுதுகிறார். ஆனால் கண்ணால் பார்த்தது எதுவும் எனக்கு மறக்காது.

2. மூன்று வருஷத்துக்கு முன், பங்குனி மாசம், உப்பு வாரும் சமயம் மகளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. நாள் முழுக்க வெயிலில் நின்று, ஒதுங்க இடமில்லாமல் அடக்கிக்கொள்ளும் அளத்துப் பெண்களுக்கு அது வருவதுதான். இதே ஆஸ்பத்திரியில், நடுவில் கோடு போட்ட பெரிய வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் காய்ச்சல், கண் சிவப்பு, உதட்டில் வெடிப்பு, மேலெல்லாம் கொப்புளம். அம்மை என்று வேப்பிலை கட்டினோம். அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்பதால் மீதி மாத்திரையை அவள் தொடவில்லை. பிழைத்தாள்.

3. போன சனிக்கிழமை மறுபடி கடுப்பு, மறுபடி அதே மாத்திரை. இந்தத் தடவை திங்கட்கிழமையே கொப்புளம் வந்துவிட்டது. முன்னைவிட மோசம். தூக்கிக்கொண்டு ஓடினேன். என்ன நோய் என்று கேட்டவர்களிடம் அம்மை என்று சொன்னவன் நான்தான். அப்படியே சீட்டில் எழுதி, அம்மை கண்டவர்களைத் தனியே வைக்கும் ஷெட்டில் போட்டார்கள். என்னை உள்ளே விடுவதில்லை. புண் சீழ் பிடிக்காமலிருக்க ஒரு மாத்திரையைக் கரைத்து மூன்று வேளையும் புகட்டுகிறார்கள். நேற்று ஜன்னல் வழியே நர்ஸம்மா கையில் பார்த்தேன். அதே மாத்திரை.

4. கம்பவுண்டர் செல்வதுரையிடம் காலைப் பிடித்துச் சொன்னேன். "அம்மைன்னு சொன்னதும் நீரு, இப்பம் மாத்திரைன்னு சொல்லுததும் நீரு. எதாவது ஒண்ணுல நில்லும்வே" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. பெரிய டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றாலும், அம்மை நோயாளியை வெளியே விட உத்தரவில்லை என்று காவல்காரர் மறிக்கிறார். இன்று காலை நர்ஸம்மா அவளைப் புரட்டியபோது ஜன்னல் வழியே பார்த்தேன், முதுகுத் தோல் பாயோடு போய்விட்டது. கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் விரலை மட்டும் அசைக்கிறாள்.

5. நான் சொல்வது தப்பென்றால் எந்தத் தண்டனையும் கொடுங்கள். டாக்டர் வந்து பார்க்கும்வரை அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதித் தர வேண்டுகிறேன். அடுத்த வேளை ஆறு மணிக்கு. இப்போது நாலு என்கிறார்கள். தங்கள் ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறேன்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 14-9-1973

இப்படிக்கு,
தளவாய்
(இடது கைப் பெருவிரல் ரேகை)