பின்புறத்துச் சிமெண்டு

செவ்வாய்க்கிழமை இரவு, செனாய்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் இன்று மண்ணிலிருந்து வரும் வாயுவை அளந்தேன். மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றின் கரைப்பான் பல வருடங்களாக அங்கே மண்ணுக்குள் கசிந்து கிடக்கிறது. கடைசி வீட்டுப் பரமேஸ்வரி அக்கா என்னைப் பின்புறம் அழைத்துப் போனார். வெறும் மண்ணாக இருந்த இடம் முழுவதும் புதுச் சிமெண்டு.

"பெயிண்டு தின்னர் வாடை தாங்கல மிஸ். அதான் மூடிட்டேன். இப்போ வாடையே இல்ல லா."

ஆவி மண்ணின் துளைகளில் வழி தேடி நகரும். மேலே போகும் வழியை அவர் அடைத்துவிட்டார். அது வீட்டுக்கு அடியில் பரவி, தரை விரிசல் வழியாகப் பின்னறைக்குள் ஏறுகிறது. பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் அங்கேதான் படுக்கிறாள். என் கருவி வெளியே காட்டியதைவிட அந்த அறையில் பல மடங்கு காட்டிக் கத்தியது. மூக்குக்கு எட்டாத அந்த அளவே வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு.

மகளை ரெங்கத்துக்கே, கணவன் வீட்டுக்கு, அனுப்பிவிடச் சொன்னேன்.

அக்கா சிரித்தார். "தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வந்த பிள்ளைய, மெஷினு கத்துச்சுன்னு திருப்பி அனுப்பிட்டேன்னு சம்பந்திகிட்ட சொல்லவா மிஸ்?"

படித்தவள் சொன்னால் கேட்பார்கள் என்று நான் என்றுமே நம்பியதில்லை. இருந்தும் சிமெண்டை உடைக்கச் சொன்னேன். இப்போதுதான் போட்டது என்றார். ஜன்னலையாவது திறந்து வைக்கச் சொன்னேன்.

"டெங்கி வந்தா யாரு பாக்குறது?" என்றாள் மகள், ரிமோட்டில் ஏர்கான் குளிரைக் கூட்டியபடி.

தொட்டில் கட்டக் கொக்கியும் அந்த அறையில்தான் அடித்திருக்கிறார்கள்.