துரைசானியின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்

ஜூன் 3, செவ்வாய்

காலை முழுக்க ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுக்குக் குரல் கொடுத்தேன். கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது. நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் நான் 'ஆர்' சொல்லும்போது நாக்கைச் சுருட்டினேனா என்று பார்க்கவா போகிறான்? ஆனாலும் சுருட்டினேன். பழக்கதோஷம்.

மதியம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இருவர் என்றால் நானும் துரைசானியும். இந்த ஸ்டுடியோவில் பிரிட்டிஷ் ஆங்கிலம் என்றால் அவள், அமெரிக்க ஆங்கிலம் என்றால் நான். பதினோரு வருஷமாக அடுத்தடுத்த அறை. துரைசானி என்பது நான் வைத்த பெயர். பதிலுக்கு அவள் என்னை அமெரிக்கா என்றே கூப்பிடுவாள். இரண்டு பேரும் எந்தச் சீமையையும் எட்டிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

புது வேலை வந்திருக்கிறது. ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் காதால் கேட்டுப் பழகுவதற்கான உரையாடல்கள், நூற்றுக்கணக்கில். எல்லாவற்றிலும் அதே இரண்டு பெண்கள்: வீட்டுக்கார பிரிட்டிஷ் அம்மாள், குடியிருக்க வரும் அமெரிக்கப் பெண். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடும். ஆனால் இரண்டு பெண்களையும் ஒரே ஆள்தான் பேச வேண்டுமாம்.

"ஒருத்தர் போதும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. இன்னொருத்தருக்குக் குடுக்க இப்போதைக்கு வேற வேலை இல்லம்மா" என்றார் முதலாளி, மேஜையைப் பார்த்துக்கொண்டே.

தெரிந்ததுதான். போன் அறிவிப்புகள் எல்லாம் மெஷின் குரலுக்குப் போய்விட்டன. லிஃப்டும் போகும். மாதக் கடைசியில் இருவரும் மாதிரி பதிவு செய்து, பெயர் போடாமல் ஏ, பி என்று அனுப்ப வேண்டும்.

கிடைக்காவிட்டால் மறுபடி கால் சென்டர்தான் எனக்கு. அங்கேதான் இந்த அமெரிக்காவைக் கற்றேன். பொய்ப் பெயர் சொல்லி, முகம் தெரியாதவர்களிடம் நாளெல்லாம் திட்டு வாங்குவது. இந்த வயதில் இனி முடியாது. முடியவே முடியாது.

ஜூன் 5, வியாழன்

துரைசானி சாப்பாட்டு நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இத பாரு. நீ எனக்கு அமெரிக்காவைக் குடு. நான் உனக்கு லண்டனைத் தரேன். அப்புறம் யாருக்குக் கிடைக்குதோ கிடைக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தும்மினாள். ஏசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாசமாகக் கைக்குட்டையும் கையுமாகத்தான் இருக்கிறாள்.

போட்டியாளரிடமே பாடம் கேட்பதா என்று ஒரு நிமிடம் தோன்றியது. வேறு யாரிடம் கேட்பது? சரி என்றேன்.

ஜூன் 9, திங்கள்

மதியம் அரை மணி நேரம், ஒரு நாள் அவள் ஆங்கிலம், மறுநாள் என் ஆங்கிலம். இடையில் தமிழ் வந்தால் டீ வாங்கித் தர வேண்டும். இதுவரை நான்தான் வாங்கித் தருகிறேன்.

'வாட்டர்' என்ற ஒரே சொல். நான் நடுவில் இருக்கும் 'ட்'டைக் கரைத்து, கடைசி ஆரை நாக்கில் உருட்டி அனுப்புவேன். அவள் 'ட்'டை மேல்பல்லுக்குப் பின்னால் சுத்தமாகத் தட்டிவிட்டு, ஆரை அம்போவென்று விட்டுவிடுகிறாள். எனக்குத் தாடை தொங்க வேண்டும், மென்றுகொண்டே பேசுகிற மாதிரி. அவளுக்கு உதடுதான் எல்லாம். தாடை இருந்த இடத்தை விட்டு அசையாது.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் குரலில் ஒரு மூடிய தன்மை இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து பேசுவதுபோல. அந்த மிடுக்குதான் சீமைக்காரர்களுடையது என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் முரண்டு பிடிக்கிறது, அது மட்டும் எனக்கு உடனே வந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

அவள் என்னைப்போலவே பேசுகிறாள். நான் இவ்வளவு இழுத்தா பேசுகிறேன்?

ஜூன் 17, செவ்வாய்

தனித்தனியாகப் பேசினால் இரண்டும் நன்றாக இருக்கிறது. மாற்றி மாற்றிப் பேசினால்தான் வம்பு. வீட்டுக்கார அம்மாள் கேட்கிறாள், அமெரிக்கப் பெண் பதில் சொல்கிறாள், மறுபடி அம்மாள் வாயைத் திறந்தால் ஒரு அமெரிக்க 'ஆர்' கூடவே வருகிறது. அதைப் பிடித்து உள்ளே தள்ளினால் அடுத்த வரியில் அமெரிக்கப் பெண் உதட்டைக் குவிக்கிறாள்.

ஒலிப்பதிவுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவருக்கு 'காது' என்றே பெயர். ஒரு மூச்சு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"ரெண்டுங்கெட்டானா இருக்கு அக்கா" என்றார்.

அம்மாளின் வரிகளை எல்லாம் முதலில் பேசி, பெண்ணின் வரிகளைப் பிறகு பேசி, அவரையே வெட்டி ஒட்டச் சொன்னேன். உச்சரிப்பு சுத்தம். ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசுகிறார்கள். ஒருத்தி தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்கிறாள், மற்றவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. காது தலையை ஆட்டினார். எனக்கே கேவலமாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

இன்று ஒரு வழி கிடைத்தது. காலையில் வீட்டில் இவர் வேன் எடுக்கக் கிளம்பும்போது, சாவி எங்கே என்று கத்தினார். "டிவி மேல!" என்று நானும் கத்தினேன். பிறகுதான் யோசித்தேன்: பதில் சொல்ல நான் வாயைத் தயார் செய்யவே இல்லையே. அவர் கேட்டார், நான் சொன்னேன், அவ்வளவுதான்.

ஸ்டுடியோவில் நாங்கள் செய்வது அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு குரலுக்குள்ளும் நுழைய ஆளுக்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம். அதை மனதுக்குள் சொன்னால் வாய் அந்த இடத்துக்குப் போய்விடும். ஒரு குரலுக்கு அது போதும். இரண்டுக்கு முடியாது.

அதனால் வாக்கியத்தை விட்டுவிட்டேன். அமெரிக்கப் பெண்ணாகப் பேசும்போது எதிரில் துரைசானி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அம்மாளாகப் பேசும்போது நான் துரைசானி, எதிரில் இருப்பது நான். எதிராளி பேசுவதைக் கேட்டால் போதும், வாய் தானாக மாறுகிறது. ஒரு பக்கம் முழுக்க வழுக்காமல் ஓடியது. காது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார்.

இதை துரைசானியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்கலாமே என்று தோன்றியது உண்மை. ஆனால் பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். அவளும் முயன்று பார்த்தாள்.

"எதிர்ல நீ இருக்கேன்னு நினைச்சாலே சிரிப்பு வருதுடி. எனக்கு என் வாக்கியம்தான் சரி."

ஜூன் 27, வெள்ளி

மாதிரி அனுப்பியாயிற்று. நான் ஏ, அவள் பி. அவளுக்கு ஒரு வழியாக ஜலதோஷம் விட்டிருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள். நன்றாகத்தான் செய்திருக்கிறேன். இதைவிட நன்றாகச் செய்ய எனக்குத் தெரியாது.

ஜூலை 2, புதன்

வந்த பதிலை முதலாளி எங்கள் இருவர் முன்னாலும் படித்துக் காட்டினார். பி: உச்சரிப்பு சுத்தம், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இடைவெளி விழுகிறது, மாறி மாறி அறிவிப்பு செய்வதுபோல இருக்கிறது. ஏ: இரண்டு பெண்கள் உண்மையாகவே எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள்.

எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். அதற்குள் அடுத்த வரி.

பிரிட்டிஷ் பகுதியைப் பதிவு செய்த அன்று ஏ-க்குக் கடுமையான ஜலதோஷம் போலிருக்கிறது. உடம்பு சரியானதும் அதை மறுபடி பதிவு செய்து அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.

"உடம்பு சரியில்லையா? சொல்லவே இல்லையே!" என்றார் முதலாளி.

எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை போன மாதம் முழுக்க. காதின் அறைக்குப் போய் என் மாதிரியையும், போன வருஷம் துரைசானி பேசிய ஒரு பாடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். போன வருஷத் துரைசானி பளிச்சென்று பேசுகிறாள். என் வீட்டுக்கார அம்மாள் மூக்கடைத்துக்கொண்டு பேசுகிறாள். ஜன்னலைச் சாத்திய மிடுக்காம்! மண்டைக்குள் இருந்த சளியைப் போய் சீமை என்று நினைத்து, மாய்ந்து மாய்ந்து படித்திருக்கிறேன்.

"தினம் அவங்க அப்படிப் பேசிப் பேசி என் காதும் பழகிடுச்சு அக்கா" என்றார் காது. பாவம், அவர் முகம் என் முகத்தைவிட மோசமாக இருந்தது.

ஜூலை 3, வியாழன்

அவளைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். உனக்குத் தெரியுமா?

"தெரியும்."

எப்போதிலிருந்து?

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீ அந்த மூக்கோட பேசறப்ப, சரி, இவ எனக்குப் போட்டி இல்லைன்னு ஒரு நிம்மதி. அதான் சொல்லல."

ஒளிக்காமல் சொன்னாள். அதுதான் இன்னும் எரிகிறது. பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நான் என்ன செஞ்சேன்? கண்டுபிடிச்ச வழியை அன்னைக்கே போய்ச் சொன்னேனே. என்ன பைத்தியக்காரி நான்! எதிர்ல உக்காந்து மாசம் பூரா நான் தப்பாப் பேசறதைக் கேட்டுக்கிட்டு டீ குடிச்சிருக்கா. நான் வாங்கிக் குடுத்த டீ.

ஜூலை 5, சனி

இவர் கொதிக்கும் தண்ணீரும் போர்வையும் கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கு ஜலதோஷமே இல்லைங்க."

"அதனால என்ன, ஒரு தடவை ஆவி பிடிச்சுப் பாரு. இல்லாத வியாதிக்கு வைத்தியம் பண்ணிக்கிற முதல் ஆளு நீதான்."

சிரித்துவிட்டேன். பிடித்தும் பார்த்தேன். முகம் பளபளப்பானதுதான் மிச்சம்.

ஜூலை 6, ஞாயிறு

அடைப்பை எடுத்தால் அம்மாளே காணாமல் போகிறாள். அமெரிக்கப் பெண் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மூக்கை விட்டால் உதடு போகிறது, உதட்டைப் பிடித்தால் மூக்கு அடைக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எப்படி? இவரிடம் கால் சென்டரைப் பற்றிச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம். துரைசானி. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவளே வந்தாள்.

"மன்னிப்பு கேக்க வரல. பக்கத்து ரூம்ல நீ ரெண்டு நாளா படற பாட்டைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல. அது என் இங்கிலீஷு. யாரும் அதை அப்படிப் பேசக்கூடாது."

எனக்குச் சொல்லிக்கொடுத்தால் அவளுக்கு வேலை போய்விடும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்லூரியில் படிக்கிற மகன் இருக்கிறான் அவளுக்கு.

என் விரலை எடுத்து என் மூக்குத் தண்டில் வைத்தாள். 'ம்' என்று ராகம் இழுக்கச் சொன்னாள். விரலுக்கடியில் அதிர்ந்தது. "இப்ப அம்மாளா சொல்லு, குட் மார்னிங்." சொன்னேன். மூக்கு மரக்கட்டைபோல இருந்தது. "பாத்தியா? 'ம', 'ன' வந்தா அது அதிரணும். உதட்டை ஒண்ணும் பண்ணாத, அது சரியாத்தான் இருக்கு." ஒவ்வொரு வரியையும் அவள் சொல்ல, விரலை எடுக்காமல் நான் சொன்னேன். என் மூக்கு போதாதென்று தன் மூக்கிலும் வைத்துப் பார்க்கச் சொன்னாள். இவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு பெண்கள் ஒருவர் மூக்கை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கிளம்பும்போது நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. கோபமும் இருந்தது. பார்த்துப் போ என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

மறுபடி பதிவு செய்தோம். காது ஒரு வார்த்தைதான் சொன்னார்: "விட்டுடுச்சு."

ஜூலை 16, புதன்

எனக்குக் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ஜூலை 31, வியாழன்

அவளுக்குக் கடைசி நாள். ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை கிடைத்திருக்கிறதாம். காது சொல்லித்தான் தெரியும். அவள் விடைபெற வந்தபோது நான் உள்ளே ஒரு லிஃப்ட் பதிவில் இருந்தேன், வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். ஒரு நிமிடம் நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருந்தால் காது நிறுத்தியிருப்பார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் பாடங்கள் இன்று. காலை முழுக்க வீட்டுக்கார அம்மாளும் அமெரிக்கப் பெண்ணும் வெந்நீர் வராததைப் பற்றி வாக்குவாதம் செய்தார்கள். அம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை, பெண்ணும் விடவில்லை. ஒரு இடத்தில் அம்மாள் கிண்டலாக ஏதோ சொல்ல, பெண் எழுத்தில் இல்லாத ஒரு சிரிப்பு சிரித்துவிட்டாள். அது இருக்கட்டும் என்றார் காது. எங்கும் வழுக்கவில்லை. மூக்கை நினைக்கவே இல்லை.

சாப்பாட்டு நேரம் வந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக மேஜைக்குப் போனேன். போகும்போதே, அந்தச் சிரிப்பைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். காலையிலிருந்து அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தேன் இல்லையா. எதிர் நாற்காலியைப் பார்த்த பிறகுதான் அவள் இங்கே இல்லை என்பது உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னடி?"

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நன்றி, கோபம், சிரிப்பு எல்லாம்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல" என்றாள். "நீ?"

நானும் இன்னும் டப்பாவைத் திறக்கவில்லை.